தெர்மோகோல் என்று பெயர் வைத்துக்கொண்ட பாடகி: எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் முதல் ஆல்பம்

[காட்சி: ஆல்பம் அட்டை. குழுவினர் ஐந்து பேரும் ஆளுக்கொரு சோதனைக் குழாய்க்குள் நிற்கிறார்கள்.]

வணக்கம். புது டிவி வாங்கினால் அட்டைப் பெட்டிக்குள் வெள்ளையாக ஒன்று வருமே, உரசினால் கிறீச்சென்று பல் கூசும், அந்தத் தெர்மோகோலுக்கு வேதியியல் பெயர் பாலிஸ்டைரீன். 1970களின் நடுவில் லண்டனில் ஓர் இளம்பெண் யெல்லோ பேஜஸ் என்ற தொழில் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, அதையே தன் மேடைப் பெயராகப் பொறுக்கி எடுத்தார். பாலி ஸ்டைரீன்.

அவருடைய எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1978 நவம்பரில் வந்த 'ஜெர்ம்ஃப்ரீ அடோலசென்ட்ஸ்'. கிருமி அண்டாத பதின்வயதினர் என்று தமிழில் சொல்லலாம். பிரிட்டிஷ் பங்க், அதாவது முரட்டு வேக ராக் இசை என்றதும் எல்லோரும் செக்ஸ் பிஸ்டல்ஸ், தி கிளாஷ் என்ற இரண்டு குழுக்களைத்தான் சொல்வார்கள். எனக்கு இந்த ஆல்பம் அந்த இரண்டுக்கும் ஒரு படி மேல். ஏன் என்று சொல்கிறேன்.

[காட்சி: கடலுக்குள் நீளும் பழைய மரப்பாலம்.]

பாலியின் இயற்பெயர் மேரியன் ஜோன் எலியட்-சயீத். அப்பா சோமாலியர், அம்மா வெள்ளைக்காரர். வளர்ந்தது தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டனில். 1976 ஜூலை 3, அவருடைய 19-வது பிறந்தநாள். அன்று ஹேஸ்டிங்ஸ் கடற்பாலத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசிப்பதைப் பார்த்தார். அப்புறம் இசைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். வந்தவர்களில் லோரா லாஜிக் என்ற பள்ளிக்கூடப் பெண்ணும் ஒருவர். கையில் சாக்ஸஃபோன்.

அந்த சாக்ஸஃபோன்தான் குழுவின் அடையாளமே ஆகிவிட்டது. பங்க் என்றால் கிட்டார், பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். இங்கே கிட்டார் தடதடக்கும்போது அதன் தலைக்கு மேல் சாக்ஸ் அலறுகிறது. பாலியின் குரலும் சளைத்ததல்ல. இரண்டும் ஒன்றை ஒன்று முந்தப் பார்க்கும். ஆல்பம் பதிவாவதற்குள் லோரா குழுவில் இல்லை. ரூடி தாம்சன் வாசித்தார். ஆனால் லோரா போட்ட தடம் அப்படியே இருக்கிறது.

1977-ல் தனிப்பாட்டாக வந்த முதல் சிங்கிளில், பிள்ளைகள் கண்ணில் படலாம், காதில் விழக்கூடாது என்ற பழைய ஆங்கிலச் சொல்வழக்கைப் பெண் பிள்ளைகளுக்கு மாற்றி, சாதுவாகச் சொல்லித் தொடங்குவார் பாலி. அடுத்த நொடி தொண்டை கிழியக் கத்துவார். குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டு அது. ஆனால் ஆல்பத்தின் முதல் பதிப்பில் அது கிடையாது. பிற்பாடு வந்த மறுபதிப்புகளில் சேர்த்தார்கள்.

[காட்சி: பல்பொருள் அங்காடி. வரிசை வரிசையாக வண்ண டப்பாக்கள்.]

சரி, ஆல்பத்துக்குள் போவோம். மற்ற குழுக்கள் அரசியையும் போலீஸையும் வேலையின்மையையும் திட்டிக்கொண்டிருந்த காலம் அது. பாலி பார்த்தது கடை அலமாரியை. 'பிளாஸ்டிக் பேக்' பாட்டில் மனசே ஒரு பிளாஸ்டிக் பை. காது வழியாக வரும் விளம்பரக் குப்பையெல்லாம் அதில் போய் நிறைகிறது. தலைப்புப் பாட்டில் ஒரு பையன் ஒரு நாளைக்குப் பத்து முறை பல் தேய்க்கிறான். ஒரு பெண்ணுக்குத் தொற்று என்றாலே பயம். அந்தப் பயம்தான் அவளுக்கு உயிர்ப்பிடிப்பு, அது போனால் அவளும் போய்விடுவாள். இந்த ஆல்பத்திலேயே நிதானமான பாட்டு இதுதான். பாலி இதில் கத்தவே இல்லை, கிட்டத்தட்டத் தாலாட்டு மாதிரி பாடுகிறார். பல்லில் கம்பி போட்டுக்கொண்டே டிவி மேடை ஏறியவர் பல் தேய்ப்பதைப் பற்றிப் பாடுகிறார் என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

முக்கியமான ஒன்று: பாலிக்கு பிளாஸ்டிக் பிடிக்கும். குழு தொடங்கிய காலத்தில் லண்டன் கிங்ஸ் ரோட்டுச் சந்தையில் கடை போட்டு, கண்ணைப் பறிக்கும் உடைகளும் பிளாஸ்டிக் அணிகலன்களும் விற்றவர். அதனால் இந்தப் பாட்டுகளில் உபதேசம் இல்லை. பளபளப்பில் மயங்குவதும் அதைக் கண்டு மிரள்வதும் ஒரே ஆள்தான். நான் இந்த ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது அதற்காகத்தான்.

அட்டையில் இருக்கும் சோதனைக் குழாய்களுக்கும் ஒரு காலப்பொருத்தம் உண்டு. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்தது அதே 1978 ஜூலையில். ஆல்பத்தில் மரபணுப் பொறியியல் பற்றியும் ஒரு பாட்டு இருக்கிறது.

ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 30-வது இடம் வரை போனது. தலைப்புப் பாட்டு 19-வது இடம். ஆனால் அதற்குள் பாலி தளர்ந்துபோயிருந்தார். சுற்றுப்பயணத்தின்போது ஓர் இரவு வானத்தில் இளஞ்சிவப்பு ஒளி ஒன்றைக் கண்டதாகச் சொன்னார். மருத்துவர்கள் ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்றார்கள். இருமுனைக் கோளாறு (பைபோலார்) என்று சரியாகக் கண்டறிந்தது பல வருடம் கழித்துத்தான். 1979-ல் குழு கலைந்தது. பிறகு ஹரே கிருஷ்ணா இயக்கத்தில் சேர்ந்தார். 2011 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு 53 வயது.

[காட்சி: இசைத்தட்டின் இரண்டாம் பக்கம். ஊசி கடைசிப் பாட்டில் இறங்குகிறது.]

கேட்கப் போகிறவர்கள் கடைசிப் பாட்டு வரை விடாமல் கேளுங்கள். அதில் ஊரே செயற்கையாகிவிட்டது. கார் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக், கடையில் தின்னும் பன் ரப்பர், ரேயான் மரங்களிலிருந்து இலைகளாக உதிர்வது செயற்கை இழை. நடுவில் பாலி, தன் பெயரையே கொண்ட அந்த வெள்ளை நுரை மேடு மேடாகக் குவிந்து கிடப்பதன் மீது தொற்றி ஏறுகிறார். ஏறி, சலவைத்தூள் நிரம்பிய நீச்சல் குளத்துக்குள் விழுகிறார்.