பெயிண்ட்டுக்கு ஜெர்மன்ல என்ன? எந்த பெயிண்ட்டுன்னு முதல்ல சொல்லுங்க

வணக்கம் மக்களே. பெயிண்ட் டப்பாவோட, எப்படி கலக்கணும், எவ்ளோ தடிமனா அடிக்கணும்னு சொல்ற ஒரு டெக்னிக்கல் டேட்டா ஷீட் வரும்ல, அத இங்கிலீஷ்லேர்ந்து ஜெர்மனுக்கு மாத்தறதுதான் இன்னிக்கு மேட்டர். கேக்க சப்பையா இருக்கும், ஆனா முதல் வார்த்தையிலயே மாட்டிப்போம்.

(திரையில்: சுவர், கார் கதவு, மரவேலி)

சுவத்துக்கு அடிச்சா ஃபார்பெ, காருக்கு அடிச்சா லாக், மரத்தோட ரேகை தெரியற மாதிரி மெலிசா அடிச்சா லாசூர். நாம எமல்ஷன்னு சொல்ற சுவர் பெயிண்ட் அங்க டிஸ்பெர்ஸியோன்ஸ்ஃபார்பெ, சத்தத்த கேட்டு எமுல்ஸியோன்னு அடிச்சு விட்டுடாதீங்க. இந்த லாக் இருக்கே, அது சமஸ்கிருத லாக்ஷாவுலேர்ந்து பாரசீகம், அரபி, இத்தாலின்னு ஊர் சுத்திப் போன வார்த்தை, நம்ம அரக்குதான் அது.

அடுத்து கோட்டிங். இதுதான் பெரிய தலைவலி. இங்கிலீஷ்காரர் டப்பாக்குள்ள இருக்கறதையும் கோட்டிங்ம்பார், அடிச்சு காஞ்சு நிக்கிற படலத்தையும் கோட்டிங்ம்பார். ஜெர்மன்ல டப்பால இருக்கறது பெஷிஹ்டுங்ஸ்ஷ்டோஃப், காஞ்சது பெஷிஹ்டுங். ஐஎஸ்ஓ 4618ன்னு பெயிண்ட் சொற்களுக்கே ஒரு தரநிலை இருக்கு, அதுலயும் ரெண்டும் தனித்தனிதான். 'கோட்டிங்கை நல்லா கலக்கவும்'னு வர்ற இடத்துல பெஷிஹ்டுங்னு போட்டா, சுட்ட தோசைய கரண்டி விட்டு கலக்குன்னு சொன்ன மாதிரி ஆயிடும். நான் ஆரம்பத்துல ஒரு ஷீட் முழுக்க இப்படித்தான் கலக்கி வச்சேன், எடிட்டர் சிவப்பு மையில கோடு போட்டே திருப்பி அனுப்பினாங்க.

(திரையில்: 5 மில்)

இப்ப எண்ணுக்கு வாங்க, வார்த்தையவிட இதுலதான் காசு போகும். அமெரிக்க ஷீட்ல காஞ்ச படலம் 5 மில்னு இருக்கும். மில்னா மில்லிமீட்டர் இல்லங்க, இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு, அதாவது 25.4 மைக்ரோமீட்டர், அப்ப 5 மில்னா 127 மைக்ரோமீட்டர். அவசரத்துல 5 மில்லிமீட்டர்னு அடிச்சீங்கன்னா கிட்டத்தட்ட 40 மடங்கு தடிமன், படிக்கிறவர் பெயிண்ட் அடிக்கிறதா இல்ல சிமெண்ட் பூசறதான்னு கேப்பார். ஜெர்மன்ல புள்ளிக்கு பதிலா கமா போடணும், 1.35 அங்க 1,35. ஆயிரத்துக்கு நாம போடற கமாவ அப்படியே விட்டா 1,500 கிராம் ஒன்றரை கிராமா சுருங்கிடும், பெயிண்ட்ட இறுக வைக்கிற ஹார்டனர் ஒன்றரை கிலோ கேட்ட இடத்துல ஒரு சிட்டிகை போய் நிக்கும்.

குறைகளோட பேர்ல கொஞ்சம் ஜாலி இருக்கு. ஸ்ப்ரே சரியில்லாம மேடும் பள்ளமுமா நின்னா இங்கிலீஷ்ல ஆரஞ்சுத் தோல், ஜெர்மன்லயும் அதே, ஓரான்ஷென்ஹௌட். ஆனா வழிஞ்சு சொட்டா நிக்குதே, அத ஜெர்மன் பெயிண்டர் நாஸென்னுதான் சொல்வார், அதாவது மூக்கு! ஷீட்ல லாய்ஃபர்னு கௌரவமா போடுங்க, கடைக்காரருக்கான கையேடுன்னா தாராளமா மூக்கையே விடலாம்.