ஆமோஸ் பார்த்த அறுமீன்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் கிறிஸ்து பிறப்புக்கால வணக்கம்.

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கம் ராகி முற்றி அறுவடைக்கு வரும் காலம் இது. காட்டிலிருந்து யானைகள் இறங்கிவிடும் என்பதால் உழவர்கள் பரண் கட்டி விடிய விடியக் காவல் இருக்கிறார்கள். நம் பகுதியில் இன்றைக்கும் வானத்தை முழு இரவும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். ஒன்பது, பத்து மணிக்கு அறுமீன் எனப்படும் கார்த்திகை விண்மீன் கூட்டம் உச்சிக்கு வந்திருக்கும். அதற்குக் கிழக்கே மூன்று மீன்கள் ஒரே வரிசையில் மின்னும். அது மிருகசீரிடப் பக்கம்.

இதே மீன்களை, கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில், யூதேயாவின் தெக்கோவா ஊரில் ஒரு மந்தை மேய்ப்பவர் பார்த்தார். ஆமோஸ் என்பது அவர் பெயர். 'நான் தீர்க்கதரிசியும் அல்ல, தீர்க்கதரிசியின் மகனும் அல்ல. மந்தை மேய்க்கிறவன், காட்டத்திப் பழம் பார்க்கிறவன்' என்று தம்மைப் பற்றிச் சொன்னவர். தெக்கோவா பெத்லகேமுக்குத் தெற்கே அருகில்தான் இருக்கிறது. லூக்கா நற்செய்தியில் வரும் இடையர்களும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இரவில் மந்தையைக் காவல் காத்தார்கள். கண்விழித்து உழைத்தவர்களுக்கே கிறிஸ்து பிறந்த செய்தி முதலில் வந்தது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

வேதாகமத்தில் ஆமோஸ் நூலின் ஐந்தாம் அதிகாரம், எட்டாம் வசனம், அறுமீனையும் மிருகசீரிடத்தையும் படைத்தவர் என்று கடவுளைப் போற்றுகிறது. மரண இருளை விடியற்காலமாக மாற்றுகிறவர் என்கிறது. அழகான வசனம். ஆனால் இதை மட்டும் தனியே எடுத்து நாட்காட்டியில் அச்சிடுவது பெரிய அநியாயம் என்பேன். முந்திய வசனத்தில், நியாயத்தை எட்டிக்காயாய்க் கசக்கச் செய்கிறவர்களைக் கண்டிக்கிறார். அடுத்து வருபவை இன்னும் கடுமையானவை: ஏழையை மிதித்து அவனிடம் தானியம் வாங்குகிறீர்கள், செதுக்கிய கல்லால் வீடு கட்டுகிறீர்கள், லஞ்சம் வாங்கிக்கொண்டு ஊர்வாசலில் எளியவனின் வழக்கைப் புரட்டுகிறீர்கள் என்கிறார். நடுவே நட்சத்திரங்கள் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வானத்தைப் படைத்தவரே அந்த ஏழைக்காக வழக்காடுகிறார் என்று ஊராருக்கு அவர் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே, கிறிஸ்தவருக்கு நட்சத்திரம் தலையெழுத்து அன்று. ஆதியாகமத்தின்படி அவை நான்காம் நாளில் உண்டானவை. நம்மைப் போலவே படைப்புகள். மூல நட்சத்திரத்தில் பிறந்தாள் என்பதற்காக ஒரு பெண்ணின் திருமணம் தள்ளிப்போவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அந்த மீனுக்கு அவள்மேல் எந்த அதிகாரமும் இல்லை.

ஊத்தங்கரையைத் தாண்டினால் சவ்வாது மலை. அங்கே காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இயங்குகிறது. கார்த்திகைக் கூட்டம் சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதாக வானியலாளர் கணக்கிடுகிறார்கள். இன்றிரவு நாம் காணும் ஒளி அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டில் புறப்பட்டது. இந்தத் தொலைவு என் விசுவாசத்தைக் குலைப்பதில்லை. சங்கீதம் 147 சொல்வதைக் கேளுங்கள்: இருதயம் நொறுங்கியவர்களைக் குணமாக்கி அவர்கள் காயங்களைக் கட்டுகிறவர் என்று ஒரு வசனம், நட்சத்திரங்களை எண்ணிப் பேர் சொல்லி அழைக்கிறவர் என்று அடுத்த வசனம். அவ்வளவு தொலைவை ஆளும் கைதான் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறது.

எலத்தகிரியிலும் கோவிலூரிலும் இந்த வாரம் வீடுதோறும் காகித நட்சத்திரம் தொங்கும். கட்டுங்கள், பிள்ளைகளோடு சேர்ந்து கட்டுங்கள். அதற்குமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது லேவியராகமம், 19ஆம் அதிகாரம். ராகி அறுக்க வந்தவருக்கோ, மாங்காய்த் தோப்பில் களை எடுத்தவருக்கோ பாக்கி இருந்தால், இன்றிரவே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

நன்றி. வணக்கம்.