லென்ஸ் விலை எங்கே தீர்மானமாகிறது

நேயர்களுக்கு வணக்கம். கேமரா வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது லென்ஸ் விலையைப் பற்றித்தான். ஒரே நிறுவனத்தின் ஒரே லென்ஸ் சென்னையில் ஒரு விலைக்கும் சிங்கப்பூரில் ஒரு விலைக்கும் விற்கிறது. நேற்று இணையக் கடையில் பார்த்த விலை இன்றைக்கு இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் பரணில் போட்ட லென்ஸுக்குத் திடீரென்று கிராக்கி வருகிறது. லென்ஸின் முதல் விலையைக் கண்ணாடி தீர்மானிக்கிறது என்பது உண்மை. அதன்பின் வரும் ஏற்ற இறக்கங்களைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, லென்ஸின் பின்புறத்தில் கேமராவோடு பொருந்தும் அந்த உலோக வளையமும், நாணய மாற்று மதிப்பும், கடைக்காரர் தரும் பில்லும்தான் என்பது என் கருத்து.

முதலில் கண்ணாடியைப் பார்ப்போம். லென்ஸின் குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வருவதே ஒளி நுழையும் வாயின் விட்டம். 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸில் அது 28 மில்லிமீட்டர் இருந்தால் போதும். பறவைகளையும் விளையாட்டுப் போட்டிகளையும் எடுப்பவர்கள் விரும்பும் 300 மில்லிமீட்டர், எஃப் 2.8 லென்ஸுக்கோ அது 107 மில்லிமீட்டர் இருந்தாக வேண்டும். அவ்வளவு பெரிய, குறையில்லாத கண்ணாடியை மிக மெதுவாக ஆறவைத்துத்தான் செய்ய முடியும். சில லென்ஸ்களில் கண்ணாடிக்குப் பதிலாக, செயற்கையாக வளர்த்தெடுத்த ஃப்ளூரைட் படிகத்தையும் வைக்கிறார்கள். இவற்றை வாங்குவோரும் குறைவு. ஆகவே தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் பெரிய டெலி லென்ஸ்கள் பல லட்சம் ரூபாய்க்கு விற்பதில் மர்மம் ஏதும் இல்லை.

பின்புற வளையத்தின் கதை இதைவிடச் சுவையானது. மவுண்ட் என்று நாம் அழைக்கும் அந்த இணைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கேனான் நிறுவனம் 1971இல் எஃப்.டி. மவுண்டைக் கொண்டுவந்தது, பதினாறு ஆண்டுகள் கழித்து, 1987இல், அதை அப்படியே கைவிட்டு, கேமரா தானாகவே குவியப்படுத்தும் ஆட்டோ ஃபோகஸுக்காக இ.எஃப். என்ற புதிய மவுண்டுக்கு மாறியது. எஃப்.டி. லென்ஸ், மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 42 மில்லிமீட்டர் இடைவெளிக்காகச் செய்யப்பட்டது. புதிய கேமராவிலோ அந்த இடைவெளி 44 மில்லிமீட்டர். இரண்டே மில்லிமீட்டர் கூடுதல்தான். ஆனால் இடையில் இன்னொரு கண்ணாடியை வைக்காமல் பழைய லென்ஸைப் புதிய கேமராவில் பொருத்தித் தொலைவிலுள்ள பொருளைக் குவியப்படுத்த முடியாது. விளைவு, தரத்தில் எந்தக் குறையும் இல்லாத எஃப்.டி. லென்ஸ்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சீந்துவாரின்றிக் கிடந்தன.

2010இல் சோனி தன் இ மவுண்ட் மிரர்லெஸ் கேமராவை வெளியிட்டது. ஒளியைத் திருப்பிவிடும் மிரர் (முகம் பார்க்கும் கண்ணாடி போன்றது) உள்ளே இல்லாததால் அதில் அந்த இடைவெளி 18 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது; மிச்ச இடத்தை நிரப்ப வெறும் உலோகக் குழாய் போன்ற ஓர் அடாப்டர் போதும். பழைய எஃப்.டி. லென்ஸ்களும், சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44 போன்ற 58 மில்லிமீட்டர் லென்ஸ்களும் மறுபடி விலைபோகத் தொடங்கின. லென்ஸ் அதேதான். அதைப் பொருத்த வேறொரு கேமரா வந்துவிட்டது, அவ்வளவே.

இப்போது அந்தக் கதை எதிர்த்திசையில் நடந்துகொண்டிருக்கிறது. 2018இல் நிகான் இசட் மவுண்டுக்கும் கேனான் ஆர்.எஃப். மவுண்டுக்கும் மாறின. தொழில்முறைக் கலைஞர்கள் மெல்ல மெல்லத் மிரர் உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கான தங்கள் லென்ஸ்களை விற்றுவிட்டுப் புதியவற்றுக்குப் போவதால், கேனான் இ.எஃப்., நிகான் எஃப் லென்ஸ்கள் பழைய சந்தையில் விலை இறங்கி நிற்கின்றன. ஆனால் இம்முறை இரு நிறுவனங்களும் தாங்களே அடாப்டர் விற்கின்றன, இ.எஃப். லென்ஸ்கள் ஆர்.எஃப். கேமராவில் ஆட்டோ ஃபோகஸோடு நன்றாகவே இயங்குகின்றன. நிகானில் மட்டும் சற்றுக் கவனம் தேவை. உள்ளேயே மோட்டார் உள்ள ஏ.எஃப்.எஸ். லென்ஸ்களுக்கு அந்நிறுவனத்தின் அடாப்டரில் ஆட்டோ ஃபோகஸ் கிடைக்கும். கேமராவின் மோட்டாரை நம்பியிருந்த பழைய ஏ.எஃப்.டி. வகைக்குக் கிடைக்காது. பணத்தை அளந்து செலவழிக்க வேண்டியவர்களுக்கு இன்றைக்கு நான் சொல்லும் ஆலோசனை, இந்த விலை இறங்கிய லென்ஸ்களில் நல்லதொன்றைத் தேடி வாங்குங்கள் என்பதே.

புதிய லென்ஸ்கள் ஏன் இவ்வளவு விலை என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். கேனானின் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் 2015இல் இ.எஃப். மவுண்டில் ஏறக்குறைய 125 டாலருக்கு அறிமுகமானது, அதன் ஆர்.எஃப். வடிவம் 2020இல் 199 டாலர். நிகானில் அதே அளவு லென்ஸ் 2011இல் ஏறக்குறைய 220 டாலராக இருந்தது. 2018இல் இசட் மவுண்டில் ஏறக்குறைய 600 டாலராக வந்தது. பழையதில் ஏழு கண்ணாடிகள், புதியதில் பன்னிரண்டு; படத்தின் ஓரங்கள்கூடத் துல்லியமாக விழுகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் காரணம் கண்ணாடியோடு முடிவதில்லை. 2010இல் உலகெங்கும் 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கேமராக்களை உற்பத்தியாளர்கள் சந்தைக்கு அனுப்பினார்கள். கைப்பேசி வந்து அந்தச் சந்தையை விழுங்கிய பிறகு, 2023இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. வாங்குவோர் குறைந்தால் எஞ்சியவர்கள் தலையில்தான் முழுச் செலவும் விழும்.

மவுண்டைத் திறந்துவைத்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு இதில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. சோனி 2011இலேயே தன் இ மவுண்டின் அடிப்படைத் தொழில்நுட்ப விவரங்களைப் பிற லென்ஸ் நிறுவனங்களுக்கு அளித்தது. அதனால் சிக்மா, டாம்ரான் தொடங்கிச் சீன நிறுவனங்கள் வரை அதற்கு லென்ஸ் செய்கின்றன, போட்டியில் விலையும் கட்டுக்குள் இருக்கிறது. கேனான் தன் ஆர்.எஃப். மவுண்டுக்குச் சிக்மாவும் டாம்ரானும் ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் செய்ய 2024இல்தான் இசைந்தது, அதுவும் சிறிய சென்சார் கேமராக்களுக்கான லென்ஸ்களில் தொடங்கி. கேமரா வாங்கும்போதே இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது நாணயம். 2012இல் 100 யென் வாங்க 65 முதல் 70 ரூபாய் வரை தேவைப்பட்டது. 2024 ஜூலைத் தொடக்கத்தில் ஏறக்குறைய 52 ரூபாய் போதுமானதாக இருந்தது. ஜப்பானிய லென்ஸ் நமக்கு மலிவாகியிருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். ஆகவில்லை. பல லென்ஸ்கள் இன்று தாய்லாந்திலும் தைவானிலும் சீனாவிலும் தயாராகின்றன. பன்னாட்டு வணிகத்தில் விலையும் பெரும்பாலும் டாலரை ஒட்டியே வைக்கப்படுகிறது. அந்த டாலரோ அதே காலத்தில் 53 ரூபாயிலிருந்து 83 ரூபாய்க்கு ஏறிவிட்டது. யென் சரிவின் பலனை அனுபவிப்பவர் நேரில் டோக்கியோவுக்குப் போய், ஷின்ஜுகுவில் உள்ள பெரிய கேமராக் கடைகளில் யென்னில் பணம் கொடுத்து வாங்குபவர்தான்.

சில சமயங்களில் இயற்கையும் அரசியலும் விலையில் குறுக்கிடுகின்றன. 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும். அதே ஆண்டு அக்டோபரில் தாய்லாந்தின் அயுத்தயாவில் நிகான் தொழிற்சாலை வெள்ளத்தில் மூழ்கியது. சரக்கு வராமல், இருந்த சரக்குக்குக் கிராக்கி கூடியது. 2025இல் அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்தியபோது, ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் அங்கே லென்ஸ் விலையைக் கூட்டின.

நம் நாட்டு வரி பற்றி ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவுபடுத்த வேண்டும். 2023 பிப்ரவரி முதல் தேதி மத்திய நிதிநிலை அறிக்கையில் கேமரா லென்ஸ் மீதான சுங்க வரியில் சலுகை என்று அறிவிப்பு வந்ததும், கேமரா லென்ஸ் விலை குறையும் என்று செய்திகள் பறந்தன. அந்தச் சலுகை இந்தியாவில் கைப்பேசி தயாரிப்பவர்கள் வாங்கும் சின்னஞ்சிறு லென்ஸுக்கானது. நாம் கடையில் வாங்கும் லென்ஸுக்கு அதனால் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஸ்டுடியோ நடத்துபவராக இருந்தால், உங்கள் எண்ணைக் குறிப்பிட்டுப் பில் வாங்குங்கள். 1,18,000 ரூபாய்க்கு வாங்கிய லென்ஸில் 18,000 ரூபாயை, நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். எந்தத் தள்ளுபடியும் இதற்கு ஈடாகாது.

தள்ளுபடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. வேறு, கடைக்காரர்கள் தங்களுக்குள் எம்.ஓ.பி. என்று சொல்லும் நடைமுறை விற்பனை விலை வேறு. இணையத்தில் காட்டும் பெரிய தள்ளுபடி பெரும்பாலும் எம்.ஆர்.பி.யோடு ஒப்பிட்டுச் சொல்வது. இரண்டு மூன்று கடைகளில் கேட்டால் எம்.ஓ.பி. எவ்வளவு என்பது தெரிந்துவிடும். தீபாவளியை ஒட்டி நிறுவனங்களே அறிவிக்கும் சலுகைதான் உண்மையான குறைப்பு.

இனி, எங்கே வாங்குவது என்பதற்கு வருவோம். சட்டப்படி இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, மாதம், எம்.ஆர்.பி. ஆகியவை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒட்டுச்சீட்டு இல்லாமல், பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால் அது கிரே மார்க்கெட் சரக்கு, அதாவது நிறுவனத்தின் அதிகாரபூர்வ வழியில் வராதது. இதிலும் லென்ஸ் அசலாகவே இருக்கலாம். ஆனால் இந்திய வாரண்டி கிடைக்காது, பின்னாளில் விற்கும்போதும் பில் இல்லாத பொருள் விலை குறையும். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் உருவான பர்மா பஜாரில் வெளிநாட்டுக் கேமரா தேடி அலைந்த தலைமுறைக்கு வேறு வழி இருக்கவில்லை. பொருளாதாரம் தாராளமயமாகத் தொடங்கிய 1991க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டெல்லியில் சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி, கொல்கத்தாவின் மெட்ரோ கலி, மும்பையின் போரா பஜார் ஆகிய இடங்களில் கேமராக் கடைகள் வரிசையாக உண்டு. அங்கேயும் பெட்டியையும் பில்லையும் பார்த்தே வாங்க வேண்டும்.

சிங்கப்பூரில் உறவினர் இருப்பவர்கள் கேமராக் கடைகள் உள்ள பெனின்சுலா பிளாசாவில் வாங்கிவரச் சொல்வதுண்டு. அங்கே இப்போது ஜி.எஸ்.டி. 9 சதவீதம், சுற்றுலாப் பயணி அதை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். ஆனால் தீர்வையின்றிக் கொண்டுவர அனுமதிக்கும் வரம்பைத் தாண்டிய மதிப்புக்கு நம் சுங்கத்துறையில் தீர்வை செலுத்தினால் இலாபம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

பழைய லென்ஸ் தேடுபவர்கள் ஆடியிலும் மார்கழியிலும் விசாரிக்கலாம். முகூர்த்தம் இல்லாத அந்த மாதங்களில் கல்யாணப் படம் எடுப்பவர்கள் கருவிகளை மாற்றிக்கொள்ள யோசிப்பார்கள். நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சென்னை போன்ற கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் வைத்திருந்த லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடிப்பது சர்வசாதாரணம். ஒளி நுழையும் வாயான அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசு சில இருந்தால் பாதகமில்லை. சிலந்தி நூல்போல் கிளைவிட்ட கோடுகளோ, மூட்டம் போட்டதுபோன்ற மங்கலோ தெரிந்தால், எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்று பேரம் பேச உட்காராமல் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபங்கஸைத் துடைத்தெடுத்தாலும், அது அரித்த கண்ணாடிப் பூச்சு திரும்ப வராது.