பின் சக்கரம் உதைத்தால் ஃபோர்க் காற்றை இறக்காதீர்கள்

சரி, இந்தக் கேள்வியை முழுசாகப் படித்துவிடுகிறேன். "என்னிடம் இருப்பது ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள். 29 இன்ச் சக்கரம், 120 மில்லிமீட்டர் அமுங்குகிற, காற்று அடைத்த முன் ஃபோர்க், 2.4 இன்ச் டியூப்லெஸ் டயர். என் எடை 75 கிலோ. பாறையும் கல்லுமாகக் கிடக்கிற மலைப்பாதையில் இறங்கும்போது பின் சக்கரம் உதைத்து உதைத்து, கால் பெடலை விட்டே எழும்பிவிடுகிறது. கொஞ்சம் மெத்தென்று இருக்கட்டும் என்று ஃபோர்க்கில் காற்றைக் குறைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. டயரில் காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கினால்தான் சரியாகுமா?"

ஃபோர்க் காற்றைக் குறைத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு. உதைப்பது பின்னால், நீங்கள் முன்னால் வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள். ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளில் முன்னும் பின்னும் சேர்ந்து அமுங்கும், அதனால் சைக்கிள் ஏறக்குறைய மட்டமாகவே இருக்கும். ஹார்ட்டெயிலில் பின்பக்கம் அமுங்க வழியே இல்லை, ஃபோர்க் அமுங்க அமுங்க சைக்கிள் மூக்கைக் குத்திக்கொண்டு முன்னால் கவிழும். 120 மில்லிமீட்டரும் உள்ளே போய்விட்டால் சைக்கிள் மொத்தமும் கிட்டத்தட்ட 5 டிகிரி முன்னால் சாய்கிறது. அதாவது 65 டிகிரி ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் தரையோடு சாய்ந்திருக்கிற கோணம்) என்று நம்பி வாங்கிய சைக்கிள் அந்த நேரத்தில் 70 டிகிரி சைக்கிளாக ஓடுகிறது, ஏற்கனவே சரிவு வேறு, உங்கள் எடை மொத்தமும் கைக்கு வந்துவிடுகிறது, பின் சக்கரத்தின் மேல் ஆளே இல்லை. ஆளில்லாத சக்கரம் கல்லில் மோதினால் எகிறாமல் என்ன செய்யும்?

அதனால் முதலில் ஃபோர்க்கில் காற்றை ஏற்றுங்கள். ஃபோர்க் காலில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், இல்லையென்றால் ஒரு கேபிள் டை கட்டிக்கொள்ளலாம். அதைக் கீழே தள்ளிவிட்டு, பெடலில் எழுந்து நின்று, ஓட்டும்போது நிற்கிற மாதிரியே நின்று பார்த்துவிட்டு மெதுவாக இறங்குங்கள். 24 மில்லிமீட்டர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு நகர்ந்திருந்தால் போதும். நான் அதைவிடவும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் வைப்பேன்.

அடுத்து டயர். 75 கிலோ ஆளுக்கு, அதுவும் 2.4 இன்ச் டியூப்லெஸ்ஸுக்கு, 35 ரொம்பவே அதிகம். முன்னால் 20, பின்னால் 24 என்று ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் 1 பிஎஸ்ஐ ஏற்றி இறக்கிப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சடித்திருப்பது தாங்குகிற உச்ச அளவு, அவ்வளவு காற்று அடிக்கச் சொல்லி யாரும் எழுதி வைக்கவில்லை. உள்ளே டியூப் போட்டிருப்பவர்கள் இவ்வளவு இறக்காதீர்கள், கல் விளிம்பில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கொத்தின மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பின் டயர் மட்டும் கொஞ்சம் தடித்த பக்கச்சுவர் உள்ளதாக வாங்குங்கள், எடை கூடும்தான், கூடட்டும். ஸ்டீல் ஃபிரேம் என்றால் அதிர்வே தெரியாது என்று பேசுவார்கள், ஆனால் ஒரு நல்ல பின் டயர் தருகிற மெத்தை எந்த ஃபிரேமும் தராது என்பது என் கட்சி.

இனி நீங்கள். பின்பக்க சஸ்பென்ஷன் என்பது உங்கள் முழங்கால்தான். இறக்கத்துக்கு முன்னாலேயே சீட்டை இறக்கிவிடுங்கள், டிராப்பர் (ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்க உதவுகிற சீட் தண்டு) இல்லையென்றால் மேலேயே சைக்கிளை நிறுத்தி, இறங்கி, கையால் தளர்த்தி இறக்குங்கள், அந்த ஒரு நிமிடத்துக்குச் சோம்பல்பட்டு நான் ஒரு முறை ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறந்திருக்கிறேன். பெடல் இரண்டும் மட்டமாக, முழங்கால் மடங்கி, இடுப்பிலிருந்து குனிந்து, குதிகாலைக் கீழே இறக்கி நில்லுங்கள். உங்கள் கால் எழும்புவதற்குக் குதிகால்தான் காரணமாக இருக்கும், குதிகால் மேலே இருந்தால் பெடல் உங்களைத் தள்ளிவிடும், கீழே இருந்தால் வருகிற உதை காலைப் பெடலுக்குள்ளேயே அழுத்தும். பயத்தில் ரொம்பப் பின்னால் போய் உட்கார்ந்துவிடாதீர்கள், கை நீண்டு விறைத்துக்கொள்ளும், முன் சக்கரம் இஷ்டத்துக்குப் போகும். எடை பாதத்தில் இருக்க வேண்டும், கை சும்மா பிடித்திருந்தால் போதும்.

ஒரு கல்லை முன் சக்கரம் தொட்டதற்கும் பின் சக்கரம் தொடுவதற்கும் எவ்வளவு நேரம் இருக்கிறது தெரியுமா? இரண்டு சக்கரத்துக்கும் நடுவே சுமார் 1.2 மீட்டர், 15 கிலோமீட்டர் வேகத்தில் 0.3 நொடிதான். அந்த இடைவெளியில் முழங்காலைத் தளர்த்தி, சைக்கிள் உங்களை நோக்கி மேலே வர இடம் கொடுக்க வேண்டும். யோசித்துச் செய்ய முடியாது, பழகித்தான் வரும். ஒரே ஒரு கல் இருக்கிற இடத்தில் இருபது தடவை போய் வாருங்கள், டக் டக் என்று இரண்டு சத்தம் கேட்கும், இரண்டாவது சத்தம் என்றைக்கு அமுங்குகிறதோ அன்றைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் பிரேக். கல்லுக்கு மேலே இருக்கும்போது பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் உருளாமல் கல் விளிம்பில் மாட்டிக்கொண்டு, பிறகு துள்ளும். கல்லுக்கு முன்னால் இருக்கிற மண் துண்டில் வேகத்தைக் குறைத்துவிட்டு, கல்லின் மேல் விரலைத் தளர்த்திவிடுங்கள். ஆனால் ரொம்ப மெதுவாகப் போனாலும் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் இறங்கி நின்றுவிடும், நடை வேகத்தைவிடக் கொஞ்சம் கூடவே தேவை.

ஏற்றத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று: பெடல் கல்லில் இடிக்கும் என்று தோன்றினால் முழுச் சுற்று மிதிக்காமல், அரைச் சுற்று பின்னால் சுழற்றி மறுபடி மிதியுங்கள்.

ஃபுல் சஸ்பென்ஷனா? இதையெல்லாம் இரண்டு மாதம் செய்த பிறகும் நீண்ட இறக்கங்களில் முதுகு வலிக்கிறது, இன்னும் வேகமாகப் போக வேண்டும் என்றும் ஆசை இருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள், பின்னால் பராமரிக்க ஷாக்கும் (பின்பக்கம் அமுங்குகிற பாகம்) பேரிங்குகளும் கூடுதலாக வரும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். இப்போதைக்கு, டயரில் காற்றைக் குறைத்து ஓட்டிவிட்டு வந்ததும் பின் ரிம்மின் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். புதிதாக நசுங்கல் ஏதாவது தட்டுப்பட்டால் பின்னால் மட்டும் 2 பிஎஸ்ஐ ஏற்றிவிடுங்கள்.