மரியா காலஸின் குரல் ஏன் சீக்கிரம் தளர்ந்தது? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கதை முழுவதையும் பாட்டாலேயே நடத்தும் மேலைநாட்டு இசை நாடகமான ஓபராவில் புகழ்பெற்ற பாடகி மரியா காலஸ். அவரைப் பற்றிய சென்ற உரையைக் கேட்ட நேயர் ஒருவர், "உடல் எடையைக் குறைத்ததால்தான் அவருடைய குரல் கெட்டதா? 41 வயதிலேயே ஓபரா மேடையை விட்டு விலகும்படி என்ன நடந்தது?" என்று எழுதியிருக்கிறார். இந்தக் கேள்வி சில நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

காலஸ் 1953, 1954 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 36 கிலோ எடையைக் குறைத்தார் என்பது உண்மை. பாடகருக்கு மூச்சைத் தாங்குவது வயிற்றுத் தசையும் விலாத் தசையும் என்பதால், அந்தத் தாங்குதல் தளர்ந்திருக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை, ஏனென்றால் உச்ச ஸ்வரங்களில் குரல் ஆடுவதை எடை குறைவதற்கு முந்தைய பதிவுகளிலேயே கூர்ந்து கேட்பவர் உணர முடியும். ஏதென்ஸில் டோஸ்கா என்ற ஓபராவின் நாயகி வேடத்தை ஏற்றபோது அவருக்கு வயது 18 தான். இருபதுகளின் நடுவில் டுரண்டோட் போன்ற, தொண்டையைப் பிழியும் வேடங்களைத் திரும்பத் திரும்பப் பாடினார். ஒலிவாங்கி இல்லாமல், பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டி, கடைசி வரிசைவரை குரல் போய்ச் சேர வேண்டும். இளம் வயதில் அப்படிச் செலவழித்த குரலுக்கு ஒருநாள் கணக்குத் தீர்க்கத்தான் வேண்டியிருந்தது என்பதே என் கருத்து.

ஆனால், குரல் எப்படிப் போயிற்று என்பதைவிட, அது எப்படி உருவாயிற்று என்று அந்த நேயர் கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு ஓர் ஏக்கம் உண்டு. தொடர்ந்து கேட்டுவருபவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது தெரியும்: காலஸை உருவாக்கியது அவருடைய காது. கேட்டுக் கேட்டே பெறும் இசையறிவுக்கு நம் இசையுலகம் கேள்வி ஞானம் என்று ஓர் அருமையான சொல்லை வைத்திருக்கிறது. அந்தச் சொல் அவருக்கு முழுமையாகப் பொருந்தும்.

நியூயார்க்கில் 1923 டிசம்பரில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்த அவர், 1937இல் தாயுடன் ஏதென்ஸுக்குச் சென்றார். அங்கே இசைக் கல்லூரியில் எல்விரா டி ஹிடால்கோ என்ற ஸ்பானியப் பாடகியிடம் சேர்ந்தபின், தன் பாடம் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், காலை பத்து மணி முதல் மாலைவரை மற்ற மாணவர்களின் பாடங்களையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மெல்லிய குரல், கனத்த குரல், ஆண் குரல் என்று எதையும் அவர் ஒதுக்கவில்லை; திறமை மிகக் குறைந்த மாணவரிடமிருந்தும் கற்றுக்கொள்ள ஏதேனும் இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

அந்தக் கேள்வி ஞானத்தின் பலன் 1949 ஜனவரியில் வெனிஸ் நகரின் லா ஃபெனிச்சே அரங்கில் தெரிந்தது. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் வால்கியூரே ஓபராவில் புருன்ஹில்டே என்னும் மிகக் கனமான வேடத்தை அவர் பாடிக்கொண்டிருந்தபோது, அடுத்து இத்தாலிய இசையமைப்பாளர் பெல்லினியின் ஈ பியூரிடானி ஓபராவில் எல்விரா என்னும் நாயகி வேடத்தைப் பாட வேண்டியிருந்த பாடகி மார்கரிட்டா கரோசியோ நோய்வாய்ப்பட்டார். அந்த வேடம் நம் பிருகாக்களை ஒத்த வேகமான கோவைகள் நிறைந்தது. கனத்த குரலுக்கு உரியதாக அந்நாளில் அதைக் கருதவில்லை. வாத்தியக் குழுவை வழிநடத்தும் நடத்துநர் துல்லியோ செராஃபின் வற்புறுத்த, வால்கியூரே நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, ஒரு வாரத்துக்குள் அதைக் கற்றுப் பாடினார். ஏதென்ஸில் மெல்லிய குரல்களின் பாடங்களை அத்தனை காலம் கேட்டிராவிட்டால் அந்த ஒரு வாரம் போதியிருக்காது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலஸுக்குக் கடுமையான கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேடை ஏறினால் நடத்துநரின் கைக்கோலே தெரியாது. ஆகவே தன் பகுதியை மட்டுமன்றி இசை முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு, வாத்தியங்களைக் கேட்டே காலப்பிரமாணம் பிசகாமல் பாடினார். இங்கும் காதுதான் அவரை நடத்தியது. மேடையில் எந்த அசைவைச் செய்வது என்று தெரியாதபோது இசையைக் கேள், இசையமைப்பாளர் அதை அங்கே வைத்திருக்கிறார் என்று செராஃபின் சொல்லிக்கொடுத்ததை அவர் கடைசிவரை நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

1965 ஜூலையில் லண்டனின் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் பாடிய டோஸ்காவே அவருடைய கடைசி ஓபரா நிகழ்ச்சி. 1977 செப்டம்பரில், 53 வயதில், பாரிஸில் காலமானார். இடையில், 1971, 72 ஆண்டுகளில் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் இளம் பாடகர்களுக்கு வகுப்பெடுத்தார். அவற்றின் ஒலிப்பதிவு கிடைக்கிறது. மாணவர் ஒருவர் பாடும் வரியை நிறுத்தி, அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரே பாடிக்காட்டுகிறார். குரல் தேய்ந்திருக்கிறது, உச்சத்தில் நடுங்குகிறது. ஆனால் எந்தச் சொல்லில் அழுத்தம் விழ வேண்டும், எங்கே மூச்சு நிற்க வேண்டும் என்பதில் அணுவளவும் பிசகு இல்லை. 1953இல் விக்டர் டி சபாட்டா நடத்திய டோஸ்கா பதிவைக் கேட்ட கையோடு இந்த வகுப்புகளையும் கேட்டுப் பாருங்கள் என்று அந்த நேயரை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.