எழு கறி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கைதட்டக் காத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். எனக்குத் தந்திருக்கும் நேரம் ஏழு நிமிடம். குறில் இல்லை, நெடில் ஏழு. ஏன் என்று பிறகு தெரியும்.

சின்னச் சின்ன எழுத்துப் பிழையைத் துரத்துபவர்கள் தமிழைக் காக்கிறார்களா, விரட்டுகிறார்களா? விரட்டுகிறார்கள் என்று பேச வந்தேன். எனக்கு முன் பேசிய அண்ணன் ஒரு போடு போட்டார்: "1998இல் ரூபாய் நோட்டில் தமிழ் வரி ஒரு படி கீழே இறங்கியதற்கே மொரிஷியஸ் தமிழர் எல்லாம் கொதித்தோமே, இந்த அம்மாவும் கொதித்திருப்பாரே! அது மட்டும் சின்னப் பிழை இல்லையா?" நீங்களும் சிரித்தீர்கள். இருக்கட்டும்.

கொதித்தேன் அண்ணா. ஆங்கிலம், அடுத்து தமிழ், அதற்குப் பிறகு இந்தி என்பது நம் நோட்டின் பழைய வரிசை. அதை மாற்றி அச்சடித்தார்கள், கேட்டோம், 1999இல் பழைய வரிசையிலேயே புது நோட்டு வந்தது. அது எழுத்துப் பிழையா? பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பி, பின்னால் போ என்பது!

பந்தி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர்க் கோயிலில் தைப்பூசக் காவடி இறக்கியதும் வாழை இலையில் ஏழு கறி. கரும்பலகையில் எழுதி வைக்கும் வேலை என் மகளுக்கு. அப்போது அவளுக்கு 14 வயது. 'இன்று எழு கறி' என்று எழுதிவிட்டாள். ஏகாரத்தின் கீழ்க்கோடு விட்டுப்போனது, அவ்வளவுதான்.

வந்தார் ஒரு பெரியவர். சட்டைப்பையில் எப்போதும் சிவப்பு சாக்குக்கட்டி இருக்கும். பலகையைப் பார்த்ததும் அவருக்குக் காவடி எடுக்காமலே அருள் வந்துவிட்டது! பெரிதாக ஒரு வட்டம் போட்டார். வரிசையில் வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "எ குறில், ஏ நெடில்" என்று பாடம் எடுத்தார். ஜனங்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்கள். பூசணிக்காய் போனது. இவர் குறில் என்றார். பலாக்காய் போனது. இவர் நெடில் என்றார். வாழைக்காய் போனது, பாயசமும் போனது. பின் வரிசைக்குக் கேட்டதா? பாயசமும் போனது! கடைசியில் இவர் இலை போட்டு உட்கார்ந்தபோது அண்டாவில் மிச்சம் ரசம். அதுவும் அடிரசம்.

நம் ஆட்கள் இங்கே பேசும் கிரியோல் மொழியில் ஏழு கறியை 'செத் காரி' என்கிறார்கள்; 'செத்' என்றால் ஏழு. செத்த கறியை 'எழு' என்று எழுப்பியவள் ஐயா என் மகள்!

சரி, இலக்கணமே பேசுவோம். ஓலைச்சுவடியில் கமா ஏது, முற்றுப்புள்ளி ஏது? 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் மாற்றும்வரை, புள்ளி வைத்த எ தான் குறில். புள்ளி இல்லாவிட்டால் நெடில். தொல்காப்பியமும் எகரத்துக்குப் புள்ளி வைக்கத்தான் சொல்கிறது. என் மகள் புள்ளி வைக்கவில்லையே! அந்தக் காலத்துப் புலவர் அந்தப் பலகையைப் பார்த்தால் 'ஏழு கறி' என்று படித்துவிட்டு நேராகச் சாப்பிடப் போயிருப்பார். அண்ணன் இதற்குப் பதில் வைத்திருந்தால் பிறகு சொல்லட்டும்.

நோட்டுக்கு வருகிறேன். அந்த 1998 நோட்டை என் மாமியார் கையில் வாங்கிப் பார்த்த முகம் எனக்கு மறக்கவில்லை. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பேச்சு, திட்டு, கொஞ்சல் எல்லாம் கிரியோல். ஓர் எழுத்தும் தெரியாதவர், வரிசை மாறியதைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷம் புது நோட்டு வந்தபோது நம் வரியை விரலால் தடவி, "நம்முடையது, இடத்துக்கு வந்துவிட்டது" என்றார். அவரிடம் போய், அந்த வரியைப் பிழையில்லாமல் எழுதிக் காட்டு என்று யாராவது கேட்டிருந்தால்?

அந்தப் பாட்டியின் பேத்திதான் பலகை எழுதியவள். கூட்டம் சிரித்தபோது நானும் சிரித்தேன் ஐயா, அதைச் சொல்லத்தான் வேண்டும். அவள் சாக்குக்கட்டியை மேசையில் வைத்தாள். அதன் பிறகு அவள் தமிழில் ஒரு வரி எழுதி நான் பார்க்கவில்லை.

போன தைப்பூசத்தில் அதே பலகை, பிரெஞ்சில். பெரியவர் வந்தார். ரொம்ப நேரம் நின்று பார்த்தார். சிவப்பு சாக்குக்கட்டியை எடுத்தார், திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். பலகையில் ஒரு பிழைகூட இல்லை.