அடுக்குப் பாராத பேச்சு

(வாசிகசாலையில் மாணவர் பேச்சுப் பயிற்சித் தொடக்க நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, பெரியவர்களே, வணக்கம்.

எனக்கு இருபது நிமிசம் தந்திருக்கிறார்கள். தலைவர் அவர்களே, அதிபர் அவர்களே என்று வரிசையாக விளித்துக்கொண்டு போனால் அதிலேயே நாலு நிமிசம் கரைந்துவிடும். முன்வரிசையில் இருப்பவர்கள் கோபிக்க வேண்டாம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கூத்துப் பார்த்து வளர்ந்தவன். வடமோடியோ தென்மோடியோ, எந்த வகைக் கூத்தென்றாலும், அதைப் பழக்குகிற அண்ணாவியார் முதலில் சட்டம் கொடுப்பார். அவரவர் பாட்டும் வசனமும் அவரவர் கைக்கு வந்துவிடும். பிறகு இரவிரவாக ஆட்டம் பழகி, சதங்கை கட்டி, கடைசியில் அடுக்குப் பார்ப்பார்கள். முழுக்கூத்தையும் ஒருதரம் ஆடிப் பார்த்த பிறகுதான் அரங்கேற்றம். வந்து நாலு வரி சொல்லிப் போகிற கட்டியகாரனுக்கும் அடுக்கு உண்டு. மேடையில் பேசப்போகிற நாங்கள் மட்டும் பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டு வருகிறோம்.

நானும் பட்டிருக்கிறேன். வாத்தியாராகி இரண்டாம் வருசம், ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழா. தமிழறிஞர் விபுலானந்த அடிகளைப் பற்றிப் பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். பக்க இலக்கம் போடவில்லை. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறந்தன. பொறுக்கி அடுக்கினேன், வாசித்தேன். 1892இல் காரைதீவில் பிறந்தார் என்று சொன்ன வாயால், அடுத்த வசனத்திலேயே அவரைக் கல்லடியில் அடக்கம் செய்துவிட்டேன். இடையிலிருந்த 55 வருசமும், சிவானந்த வித்தியாலயமும், அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், அவர் எழுதிய யாழ் நூலும் கதிரைக்கடியில் கிடந்தன. பின்வரிசையில் ஒரு அம்மா “பாவம் மனிசன்” என்றார். அடிகளைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா, இன்றுவரை தெரியாது.

காற்றைக் குற்றம் சொல்லி என்ன? பேச்சின் வரிசை தாளில் இருந்தது, என்னிடம் இல்லை. வள்ளுவர் ‘நிரந்தினிது சொல்லுதல்’ என்கிறார். நிரந்து என்றால் ஒழுங்குபட. இனிமையை அதற்குப் பிறகுதான் வைக்கிறார். எங்கள் மேடைகளில் இனிமைக்குக் குறைவில்லை. அடுக்குமொழி அருவியாகக் கொட்டும். வீட்டுக்குப் போய் என்ன சொன்னார் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

சரி, மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். 1924இல் திறந்தது, மனிங் தேசாதிபதியின் மனைவி பெயரை வைத்தார்கள் என்று தொடங்கினால் சனம் கைபேசியை எடுத்துவிடும். பழைய பாலத்தில் இந்தப் பக்கத்து வாகனம் ஏறினால் அந்தப் பக்கத்து வாகனம் நிற்க வேண்டும். இங்கே இருக்கிற பெரியவர்கள் எத்தனை தரம் அப்படி நின்றிருப்பீர்கள்! அந்தக் காத்திருப்பில் தொடங்குங்கள். ஏன் நின்றோம்? பாலம் ஒடுக்கம். ஏன் ஒடுக்கம்? அது 1924ஆம் ஆண்டுப் பாலம். இப்போது அந்த வருசத்தை ஒருவரும் மறக்கமாட்டார்கள், அவர்களே கேட்டு வாங்கிய வருசம் அது. பிறகு 2013, பக்கத்தில் புதுப்பாலம். அந்த வாவியில் பாடுவதாகச் சொல்லும் பாடும்மீனை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். நான் வைக்கவேமாட்டேன். இந்தப் பேச்சு வாகனத்தைப் பற்றியது; மீன் இன்னொரு நாளைக்குப் பாடட்டும்.

காத்திருப்பு, ஒடுக்கம், 1924, 2013. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் இந்த நாலையும் பெரிதாக எழுதினால் போதும். பறந்தாலும் ஒரு தாள்தானே.

இனி அடுக்கு. மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் வராது. எழும்பி நின்று, வாய்விட்டு, மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, முகத்துக்காகப் புகழாத ஒருவருக்கு முன்னால் சொல்லிப் பாருங்கள். என் மனைவி சோறு வடித்துக்கொண்டே கேட்பார். “இதை முதலே சொல்லிட்டீங்க” என்றால் அந்த இடம் வெட்டு. இன்றைய பேச்சிலும் இரண்டு இடம் அப்படிப் போயிற்று. அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்த இடம்.

தம்பி, அந்த ஒலிவாங்கியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். பிள்ளைகள் யாராவது ஒருவர் வாங்கோ. தாள் வேண்டாம். வீட்டிலிருந்து இந்த வாசிகசாலைக்கு வந்த வழியைச் சொல்லுங்கள், மூன்று நிமிசம். பயப்படாதீர்கள், இன்றைக்கு அடுக்குத்தான் பார்க்கிறோம்.